பெரிய எழுத்து கேட்டேன்

முதலில் என் கண்ணுக்குத் தப்பியவை புள்ளிகள். 'பிரார்த்தனைக் கூட்டம்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'பிரார்த்தனைக கூட்டம்' என்று அச்சாகி வந்தது. அந்தத் தாளைத் திருத்தியவள் நான். சரி பார்த்தாயிற்று என்று ஓரத்தில் என் கையெழுத்தும் இருந்தது.

புதுச்சேரியில் ஓர் அச்சகத்தில் நான் பிழை திருத்துபவளாக இருந்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், பங்குக் கோயில்களின் ஜெபப் புத்தகம், பள்ளிக்கூட ஆண்டு மலர் எல்லாம் என் மேசைக்கு வந்துதான் போகும். என் கண்ணைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. பக்கத்தைக் கையில் வாங்கியதும் பிழை இருக்கும் இடம் உறுத்தும். பிறகுதான் படிப்பேன்.

கண் மங்குகிறது என்று நினைத்துக்கொண்டு, கண்ணாடிக் கடைக்கு மட்டும் போய்வந்து கொண்டிருப்பவர்கள் சிலராவது இதைப் படிப்பார்கள் என்றுதான் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

எண்பதுகளின் நடுவில் எங்கள் அச்சகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அச்சக முதலாளியை எல்லோரும் முசியே (பிரெஞ்சில் 'ஐயா') என்றுதான் கூப்பிடுவோம். அவர் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்த மரியாதை மகனுக்கும் வந்துவிட்டது. முசியேவுக்குப் புது இயந்திரங்கள் என்றால் பிரியம். மதராஸில் இரண்டு இன்ஜினீயர்கள் சேர்ந்து, தமிழை டைப் செய்து பக்கமாக அமைப்பதற்கு ஒரு புரோகிராம் எழுதியிருந்தார்கள். அதை வாங்கி வைத்தார்.

திரையில் அமைத்த பக்கத்தை முதலில் ஒரு சின்ன அச்சுப்பொறியில் எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டு ஓரமும் துளை போட்ட தாள். எழுத்துகள் எல்லாம் சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனவை. அந்தத் தாளைத்தான் நான் திருத்த வேண்டும். அதில் எது ஒற்றின் புள்ளி, எது மையின் புள்ளி என்று கண்டுபிடிப்பது யாருக்குமே சிரமம். எனக்கு வந்த சிரமத்துக்கும் அதுதான் காரணம் என்று எல்லோரும் நினைத்தோம். நானும் நினைத்தேன்.

புள்ளிகளை அடுத்து வரிகள் தப்பின. ஒரு வரியைப் படித்து முடித்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்தால், அங்கே வேறு வரி நிற்கும். நடுவில் ஒன்றைத் தாண்டி வந்திருப்பேன். விரலை வைத்துப் படிக்கப் பழகினேன். முப்பத்தொன்பது வயதில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் போல.

வீட்டில் வேறு மாதிரி நடந்தது. மேசை ஓரத்தில் இருக்கும் தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிடுவேன். நிலைக்கதவில் தோளை இடித்துக்கொள்வேன். பெரிய மார்க்கெட்டில் சைக்கிள்காரர்கள் என்னைத் திட்டிக்கொண்டு போனார்கள். எங்கிருந்து வந்தார்கள் என்றே தெரியாது. திடீரென்று பக்கத்தில் முளைப்பார்கள்.

என் கணவர் ஆரோக்கியம் மில்லில் நெசவுப் பிரிவில் வேலை பார்த்தவர். அதிகம் பேச மாட்டார். ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னார்.

"இன்னா செலினு, மார்க்கெட்டாண்ட உனக்கு எதிர்க்கவே நின்னுகினு இருந்தேன். பாக்காத மாதிரி போயிட்ட."

"எப்போ? நான் பாக்கவே இல்லியே."

"கையத் தூக்கிக் கூப்பிட்டேன்."

வேலை நினைப்பில் போயிருப்பேன் என்று சொன்னேன். அவரும் அதை நம்பினார்.

கண்ணாடிக் கடைக்குப் போனேன். சுவரில் மாட்டிய அட்டையில் எழுத்துகள் மேலிருந்து கீழே சிறிதாகிக்கொண்டே வரும். ஒவ்வொரு கண்ணாக மூடிப் படிக்கச் சொன்னார்கள். நான் கடைசி வரிவரை நிற்காமல் படித்தேன்.

"கண்ணு சூப்பரா இருக்கும்மா. நாப்பது நெருங்குதுல்ல, கிட்டப் பாக்க மட்டும் கண்ணாடி போட்டுக்குங்க" என்றார் கடைக்காரர்.

அவர் சொன்னது பொய் இல்லை. அவர் சோதித்த இடத்தில் என் கண் நன்றாகத்தான் இருந்தது. கண்ணாடி போட்டும் சிரமம் குறையவில்லை. அடுத்த முறை பவரை மாற்றினார். அப்போதும் குறையவில்லை. கண் நன்றாக இருக்கிறது, கண்ணாடியும் சரியாக இருக்கிறது என்றால் மிச்சம் இருப்பது எழுத்துதான். எழுத்து சின்னதாக இருக்கிறது. இந்தக் கணக்கில் எங்களில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மதராஸிலிருந்து அந்த புரோகிராமைக் கவனித்துக்கொள்ள பாஸ்கரன் என்ற இன்ஜினீயர் வந்து போவார். இளவயதுக்காரர், பொறுமைசாலி. கம்ப்யூட்டர் முரண்டு பிடிக்கும்போதெல்லாம் பஸ் ஏறி வந்து, சரி செய்துவிட்டு அன்றே திரும்பிவிடுவார். ஒரு முறை அவர் வேலையை முடித்துவிட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"சார், ப்ரூஃப் தாள் மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்துல வர மாதிரி செய்ய முடியுங்களா?"

"எவ்வளவு பெருசு வேணும் உங்களுக்கு?"

"கோயில்ல வாசகம் படிக்கிற புஸ்தகம் இருக்குமே, அந்த மாதிரி. அச்சுல எப்பவும் போலச் சின்னதாவே வரட்டும். நான் திருத்தற தாள் மட்டும் பெருசா வந்தா போதும்."

அவர் ஒரு தாளை எடுத்துக் கட்டம் போட்டார். சில கட்டங்களைப் பேனாவால் கருப்பாக்கினார். 'ப' வந்தது.

"எங்க எழுத்து எல்லாம் இப்படித்தாம்மா இருக்கு. பெருசாக்கினா இந்தக் கட்டமும் சேர்ந்து பெருசாகும். வளைவெல்லாம் படிக்கட்டு மாதிரி உடையும். கொம்பும் காலும் பக்கத்து எழுத்து மேல ஏறிக்கும். ஒழுங்கா வரணும்னா ஒவ்வொரு எழுத்தையும் புதுசா வரையணும்."

"உடைஞ்சாலும் பரவால்ல சார். நான் ஒருத்திதான பாக்கப் போறேன்."

"ஒருத்தருக்காகப் பண்ண எங்க ஆபீஸ்ல விட மாட்டாங்க. கேட்டுப் பாக்குறேன்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் வரும்போதெல்லாம் கேட்டேன். முசியேவைக் கொண்டு ஒரு கடிதம் எழுத வைத்தேன். அதற்குப் பதில் வந்தது: கோரிக்கை பரிசீலனையில் இருக்கிறது. பள்ளிக்கூட மலருக்காக வந்த கன்னியாஸ்திரீ ஒருவர், வயதானவர்களுக்குப் பெரிய எழுத்தில் ஜெபப் புத்தகம் போட முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றார். அவரையும் ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். அவரும் எழுதினார். எனக்கு அந்த ஒரே நம்பிக்கைதான் இருந்தது. பெரிய எழுத்து வந்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

வீட்டில் அதைப் பற்றியே பேசியிருப்பேன் போல. "மெட்ராஸ்காரரு இன்னா சொன்னாரு?" என்று ஆரோக்கியம் அடிக்கடி கேட்பார். கண் எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டதாக நினைவில்லை. நானும் அதைப் பற்றி நினைக்கவில்லை. எங்கள் இருவருக்கும் நோய் இருந்த இடம் மதராஸ்.

இதற்கிடையில் ஒரு நினைவு அஞ்சலி அட்டையில் ஒரு வரியே விட்டுப்போயிற்று. இறந்தவருடைய மூத்த மகனின் பெயர் இருந்த வரி. நான்தான் பார்த்தேன். ஏதும் விட்டுப்போனதாக எனக்குத் தெரியவில்லை. அந்த மகனே அட்டையோடு வந்து நின்றார். அவர் சத்தம் போடவில்லை. "எங்கப்பாவுக்கு நான் புள்ள இல்லியாம்மா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் எனக்குள் இருக்கிறது.

முசியே வேறு அட்டை அடித்துக் கொடுத்து அனுப்பினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, கொஞ்ச நாள் முன்பக்கம் உட்கார்ந்து வருகிறவர்களிடம் ஆர்டர் வாங்கச் சொன்னார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"பெரிய எழுத்து வந்துட்டா நான் முன்ன மாதிரி பாத்துருவேன் முசியே."

"வரட்டும் செலின். வந்தப்புறம் உன் மேசைய உனக்கே குடுத்துடறேன்."

நான் கேட்கத் தொடங்கி ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகியிருந்தபோது வந்தது. பாஸ்கரன் தோளில் பையுடன் உள்ளே நுழையும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். ஆபீஸில் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லையாம். தன் சொந்த நேரத்தில் உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாக வரைந்திருந்தார். யானைத் துதிக்கை போட்ட பழைய 'ணை', 'லை', 'ளை', 'னை' நான்கும்தான் தன்னைப் படுத்தி எடுத்துவிட்டதாகச் சொன்னார். பிளாப்பியைச் செருகி, எதையோ தட்டி, அச்சுப்பொறியை ஓடவிட்டார். எல்லோரும் சுற்றி நின்றார்கள். தாளைக் கிழித்து என் கையில் கொடுத்தார்.

எழுத்து ஒவ்வொன்றும் கட்டை விரல் நகம் அளவுக்கு இருந்தது. நல்ல கருப்பு. வளைவுகளெல்லாம் வழுவழுப்பு.

நான் 'கூ' என்ற எழுத்தைப் பார்த்தேன். அடுத்தது என்ன என்று தெரியவில்லை. தாளை நகர்த்தினேன். 'ட்' வந்தது. 'கூ' போய்விட்டது. மறுபடி நகர்த்தினேன். சொல் முழுதாகச் சேரவே இல்லை. ஜன்னல் இடுக்கு வழியே ஊர்வலத்தைப் பார்ப்பதைப் போல ஒவ்வொன்றாக வந்து மறைந்தன. அடுத்த வரியைத் தேடினால் வெள்ளைத் தாள்தான் தெரிந்தது.

என்னைச் சுற்றி நின்றவர்கள் அதைத் தூரத்திலிருந்தே படித்துக்கொண்டிருந்தார்கள். பைண்டிங் பார்க்கும் பெண் வாசற்படியில் நின்றுகொண்டே சத்தமாகப் படித்தாள்.

"எப்படிம்மா இருக்கு?" என்றார் பாஸ்கரன்.

அவ்வளவு உழைத்தவரிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"சார், முன்னாடி இருந்தத விட இதான் கஷ்டமா இருக்கு."

அவர் முகம் சுருங்கியது என்று நினைக்கிறேன். அப்போதே முகங்களை என்னால் முழுதாகப் பார்க்க முடியாமல் இருந்தது. பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரே வாக்கியத்தைப் பல அளவுகளில் அடித்து ஒரே தாளில் எடுத்தார். கீழே போகப் போகச் சிறிய எழுத்து.

"மேலேர்ந்து படிங்க."

மேலே இருந்த பெரிய வரியில் தடுமாறினேன். அடுத்ததில் கொஞ்சம் குறைவாக. கீழே இருந்த, பூச்சி போன்ற எழுத்தைச் சட்டென்று படித்துவிட்டேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவர் அதே சோதனையை முசியேவுக்கு வைத்தார். முசியேவுக்கு நேர்மாறாக வந்தது. பெரியதைப் படித்தார், சின்னதில் நின்றுவிட்டார்.

பாஸ்கரன் தாளை மடித்து என்னிடம் கொடுத்தார்.

"அப்ப எழுத்துல கோளாறு இல்லம்மா. எதுல இருக்குன்னு எனக்குச் சொல்லத் தெரியல. கண்ணாடிக் கடைக்குப் போகாதீங்க. நல்ல கண் டாக்டரப் பாருங்க. இந்தத் தாளையும் எடுத்துட்டுப் போங்க."

மறுநாளே ஆரோக்கியம் லீவு போட்டுவிட்டு என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். கண் பிரிவில் நீளமான வராந்தா. பச்சைத் துணியால் கண்ணை மறைத்த கிழவர்கள் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் இருவர்மேல் மோதிக்கொண்டுதான் என் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

டாக்டர் ஒரு பெண்மணி. நான் நீட்டிய தாளை வாங்கிப் பார்த்தார். சின்ன எழுத்து சுலபமாக இருக்கிறது, பெரிய எழுத்துதான் கஷ்டம் என்று நான் சொன்னபோது அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதுவரை எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார்.

என்னைப் படுக்க வைத்துக் கண்ணில் மரத்துப்போக வைக்கும் மருந்து விட்டார்கள். ஒரு சிறு உலோகக் கருவியைக் கருவிழிமேல் நிற்க வைத்தார்கள் (கண்ணுக்குள் இருக்கும் நீர் எவ்வளவு அழுத்தத்தில் இருக்கிறது என்று அளப்பது). வலி இல்லை. பிறகு வளைந்த ஒரு கருவியின் முன்னால் உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடி, நடுவில் இருந்த புள்ளியையே பார்க்கச் சொன்னார்கள். ஓரத்திலிருந்து ஒரு வெள்ளைப் பொட்டு நகர்ந்து வரும். தெரிந்ததும் சொல்ல வேண்டும் (பார்வைப் பரப்புச் சோதனை, நேராகப் பார்க்கும்போது சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்று கண்டுபிடிப்பது).

நான் காத்துக்கொண்டே இருந்தேன். பொட்டை இன்னும் கொண்டுவரவில்லை என்று நினைத்தேன்.

"தெரியுதாம்மா?" என்றார் சோதனை செய்தவர்.

"இன்னும் வரலிங்களே."

பொட்டு என் முகத்துக்கு நேரே கிட்டத்தட்ட வந்த பிறகுதான் தெரிந்தது.

டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். எனக்கு க்ளாக்கோமா (கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் கூடி, பார்வை நரம்பை மெதுவாக அழிக்கும் நோய்). வலி இருக்காது, சிவப்பு இருக்காது. ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டு வரும். நடுப் பார்வையைக் கடைசியாகத்தான் தொடும். அதனால்தான் அட்டையின் கடைசி வரிவரை என்னால் படிக்க முடிந்தது. ஒரு கண் இழந்ததை மறு கண் ஈடு கட்டும். அதனால்தான் வெகுகாலம் எனக்கே தெரியவில்லை.

"வலது கண்ணில ரொம்பப் போயிடுச்சு. இடது பக்கம் இன்னும் கொஞ்சம் இருக்கு. போனது திரும்ப வராது. இருக்கிறதக் காப்பாத்தப் பாக்கலாம்."

ஆரோக்கியம் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார்.

"ரெண்டு வருசமா எழுத்தப் பெருசு பண்ணுங்க, பெருசு பண்ணுங்கன்னு இவ கேட்டுகினு இருந்தா டாக்டர். அப்பவே இங்க வந்திருந்தா?"

"அப்பவே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார் டாக்டர். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க கேட்டதுல தப்பு ஒண்ணும் இல்லம்மா. நடுவில பார்வை போறவங்க இருக்காங்க. அவங்களுக்குப் பெரிய எழுத்துதான் ஒரே உதவி. உங்களுக்குப் போறது ஓரம். எல்லாரும் கண்ணு மங்குதுன்னுதான் சொல்லுவாங்க. எந்தப் பக்கம் மங்குதுன்னு யாரும் கேக்குறதில்ல."

உங்களுக்கு நான் சொல்ல வந்ததும் இதுதான்.

"உங்க குடும்பத்தில யாருக்காவது இப்படிப் பார்வை போயிருக்கா?" என்று அவர் கேட்டார்.

என் அம்மாவைப் பற்றி அப்போதுதான் நினைத்தேன். எழுபதுகளின் கடைசியில் இறந்துபோனாள். கடைசி வருடங்களில் கோழியைப் போலத் தலையை இப்படியும் அப்படியும் திருப்பித்தான் பார்ப்பாள். நாங்கள் சிரிப்போம். அவளும் சிரிப்பாள். அதற்குப் பிறகு சுவரைப் பிடித்து நடந்தாள். வயதாகிவிட்டது என்றோம். அவளை ஒரு டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான் சொல்லி முடித்ததும் டாக்டர், "கூடப் பிறந்தவங்க யாராவது இருந்தா உடனே கூட்டிட்டு வாங்க" என்றார்.

எனக்கு ஒரே தம்பி, இருதயராஜ். தேங்காய்த்திட்டில் ஐஸ் லாரி ஓட்டுகிறவன். விஷயத்தைச் சொன்னபோது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தான்.

"எனக்கு நல்லாத்தாங்கா தெரியுது. லாரி ஓட்டறேன்ல?"

"எனக்கும் நல்லாத்தான்டா தெரிஞ்சிது. கடைசி வரி வரைக்கும் படிச்சேன்."

அதைக் கேட்டு வந்தான். அவனுக்கு அழுத்தம் கூடியிருந்தது. பார்வை இன்னும் போகவில்லை. அன்று தொடங்கிய சொட்டு மருந்தை இன்றுவரை விடவில்லை. என் நோயால் விளைந்த நல்லது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைச் சொல்வேன். அம்மாவின் பார்வையும் என்னுடையதில் பாதியும் அதற்குக் கொடுத்த விலை.

எனக்கு பைலோகார்பின் கொடுத்தார்கள் (கண்மணியைச் சுருக்கி, உள்நீர் வடிய வழிவிடும் சொட்டு மருந்து). ஒரு நாளைக்கு நான்கு முறை. விட்டதும் புருவத்துக்குள் இறுக்கிப் பிடித்ததுபோல வலிக்கும். கண்மணி சுருங்குவதால் பகலே சாயங்காலம் மாதிரி இருக்கும். ஆரம்பத்தில் மனசும் சேர்ந்து இருண்டது. சில வாரங்களில் வலி குறையும், நிறுத்திவிடாதீர்கள். பார்வையில் முன்னேற்றம் ஒன்றும் தெரியாது. மருந்து வேலை செய்கிறதா என்று நம் கண்ணை வைத்து நாமே தீர்மானிக்க முடியாது. இந்த நோயில் மிகக் கடினமானது அதுதான். எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் பரிசு எதுவும் கிடையாது. மேலும் போகாமல் இருப்பதே பரிசு.

மருந்துக்கு வலது கண் அடங்கவில்லை. ஆபரேஷன் செய்தார்கள் (வெள்ளைவிழியின் மேல்புறத்தில் சிறு வழி திறந்து உள்நீரை வடியவிடுவது). செய்யும்போது விழித்துக்கொண்டுதான் இருந்தேன். வெளிச்சம் மட்டும் தெரிந்தது. நர்ஸ் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கட்டுப் போட்டுப் படுத்திருந்த நாட்களில் ஆரோக்கியம்தான் பார்த்துக்கொண்டார். தறி ஓட்டிய கை. சொட்டு மருந்து பாட்டிலை அவ்வளவு மெதுவாகப் பிடிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு நாள் மருந்து விட்டுவிட்டு, என் இமையைத் துடைத்தபடியே சொன்னார்.

"அன்னிக்கு மார்க்கெட்டாண்ட கூப்பிட்டேன் பாரு. நீ திரும்பல. எனக்குக் கோவம்தான் வந்துது. கண்ணுல இன்னான்னு கேக்கத் தோணல."

"எனக்கே தோணல. உங்களுக்கு எப்படித் தோணும்?"

பாட்டிலை மூடும் சத்தம் மட்டும் கேட்டது.

பாஸ்கரன் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தார். சாத்துக்குடி வாங்கி வந்திருந்தார். வெகுநேரம் எதையெதையோ பேசினார். கிளம்பும்போது நின்றார்.

"நான் இன்னும் சீக்கிரம் பண்ணிக் குடுத்திருந்தா, இன்னும் சீக்கிரம் தெரிஞ்சிருக்கும்ல?"

அதைப் பற்றி நான் யோசித்திருந்தேன். முதல் முறை கேட்டபோதே, உடைந்த எழுத்தாகவாவது ஒரு பெரிய தாள் என் கைக்கு வந்திருந்தால், அப்போதே தெரிந்திருக்கும். இரண்டு வருடப் பார்வை மிச்சமாகியிருக்கலாம். நான் கேட்டது தவறான மருந்து. ஆனால் அதைச் சாப்பிட்டுப் பார்த்தபோதுதான் நோய் தெரிந்தது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

"நீங்க செஞ்சதாலதான் சார் தெரிஞ்சிது" என்றேன். அதுவும் உண்மைதான்.

வலது கண்ணில் இப்போது வெளிச்சமும் நிழலும் தெரிகின்றன. இடது கண்ணில் ஒரு சிறு வட்டம் தெளிவாக இருக்கிறது. அழுத்தம் அடங்கியிருக்கிறது. டாக்டர் ஒவ்வொரு முறையும் அளந்துவிட்டு, "அப்படியே இருக்கு" என்கிறார். அந்த இரண்டு சொற்களுக்காக நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் காலையெல்லாம் உட்கார்ந்திருப்பேன்.

முசியே சொன்னபடியே என் மேசையைத் திரும்பக் கொடுத்தார். நாள் முழுக்க முடியாது, மதியம்வரை. கருப்பு அட்டையில் ஒரு வரி அளவுக்குப் பிளவு வெட்டி, அதைத் தாள்மேல் வைத்து இறக்கிக்கொண்டே வருவேன். வரி தப்பாது. மற்றவர்கள் கண்ணைச் சுருக்கிப் படிக்கும் சின்ன எழுத்துதான் எனக்கு வசதி. புள்ளிகள் சில இன்னும் தப்புகின்றன. அதற்காக இன்னொருவரும் பார்க்கிறார்.

பாஸ்கரனின் பெரிய எழுத்துக்கு நல்ல மவுசு. மற்ற ஊர் அச்சகங்களும் வாங்கிக்கொண்டதாகச் சொன்னார். எங்கள் அச்சகத்தில் பெரிய எழுத்துப் பாட்டுப் புத்தகம் போட்டோம். குருசுக்குப்பத்தில் ஒரு பூசைக்குப் போயிருந்தபோது, எனக்குப் பக்கத்தில் நின்ற வயதான அம்மாள் அந்தப் புத்தகத்தைப் பார்த்தே பாடிக்கொண்டிருந்தார். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு தானே படித்துப் பாடுவதாகச் சொன்னார். என்னை யார் என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் ஒரு புத்தகம் நீட்டினார். வாங்கித் திறந்தேன். ஓர் எழுத்து இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, மனப்பாடமாகத் தெரிந்த பாட்டை அவரோடு சேர்ந்து பாடினேன்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. வெளியே வந்து செருப்பைத் தேடியபோது அழுகை வந்தது. ஆரோக்கியம் செருப்பை என் காலடியில் கொண்டுவந்து வைத்தார்.

நோய் வந்த பிறகு என் உடம்பின் அளவே மாறிவிட்டது. முன்பு தோள், இடுப்பு, முழங்கை எல்லாம் எங்கே முடிகின்றன என்று நினைத்ததே இல்லை. இப்போது அவை ஒவ்வொன்றும் எங்கே இருக்கின்றன என்று தெரிந்துகொண்டுதான் நகர்கிறேன். ஒரு முகத்தை முதலில் கண்ணாகப் பார்க்கிறேன், பிறகு வாயாக. கண்ணிலிருந்து வாய்க்கு இறங்குவதற்குள் சிரிப்பு முடிந்துபோய்விடுகிறது. அதனால் யாருடைய சிரிப்பையும் கொஞ்சம் தாமதமாகவே அறிகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் கடற்கரைச் சாலைக்குப் போகிறோம். கடலை ஒரே பார்வையில் பார்த்து வெகுநாளாயிற்று. வடக்குக் கோடியில் தொடங்கித் தெற்கு நோக்கி மெதுவாகத் தலையைத் திருப்பிக்கொண்டு வருவேன். தெற்கே வந்து சேர்வதற்குள், வடக்கே பார்த்த படகு இடம் மாறியிருக்கும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். அதற்குள் வெளிச்சமும் மாறியிருக்கும். ஆரோக்கியம் பக்கத்தில் உட்கார்ந்து, நான் பார்த்து முடிக்கும்வரை பேசாமல் இருப்பார். முடிந்ததா என்று கேட்க மாட்டார்.